வாசலுக்கு வரும் மக்ரூன்

(ஆவடியில் தேசிய நுகர்வோர் நாளையொட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அம்பத்தூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே,

1986 டிசம்பர் 24ஆம் தேதி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அதனால்தான் இந்த நாள் தேசிய நுகர்வோர் நாள். இன்று ராத்திரி விடிந்தால் கிறிஸ்துமஸ். இரண்டும் ஒன்றாக வந்திருக்கும்போது வெறும் சட்டத்தைப் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இணையத்தில் பாரம்பரியத் தின்பண்டங்களும் கைவினைப் பொருள்களும் வாங்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு தின்பண்டத்தைப் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன். தூத்துக்குடி மக்ரூன். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளை வெளேரென்று, கட்டைவிரல் உயரத்துக்குக் கூம்பு மாதிரி இருக்கும். வாயில் போட்டால் நொறுங்கும், அடுத்த நொடி கரையும், முந்திரி வாசம் மட்டும் நாக்கில் நிற்கும். அதில் இருப்பது மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. மாவு கிடையாது, வெண்ணெய் கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது.

இது எப்படி நம் ஊர்ப் பண்டம் ஆனது? தூத்துக்குடி இருக்கும் முத்துக்குளித்துறைக் கடற்கரையின் கதை உங்களுக்குத் தெரியும். 1530களில் அந்தக் கரைக்குப் போர்த்துகீசியர் வந்து காலூன்றினார்கள். முத்தும் சங்கும் அவர்களை இழுத்தன. பரதவ மக்கள் அவர்களோடு உடன்பாடு கண்டு கிறிஸ்தவம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தார். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் 1582இல் எழுந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் வந்து ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். போர்த்துகீசியர் போனார்கள். அடுப்பில் வைத்துச் சுடும் பண்டங்களின் ருசி போகவில்லை. மக்ரூனுக்கு மூலம் போர்த்துகீசியர் என்றுதான் தூத்துக்குடிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

தென் ஐரோப்பாவில் இந்த வகைப் பண்டத்தைப் பாதாமில் செய்வார்கள். போர்ச்சுகலின் தென்கோடியில் அல்கார்வ் என்று ஒரு பகுதி உண்டு. பாதாம் மரம் பூத்துக் குலுங்கும் சீமை. அங்கே இனிப்பு என்றாலே பாதாம்தான். தூத்துக்குடித் தேரிக்காட்டில் பாதாமுக்கு எங்கே போவது? முந்திரி கைக்கு வந்தது. அந்த முந்திரியும் நம் மரமில்லை. பிரேசிலில் இருந்ததை 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்தான் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பியச் செய்முறை, அமெரிக்கக் கொட்டை, தென்பாண்டிச் சீமையின் அடுப்பு, தமிழ்க் கை. இதற்குப் பெயர்தான் பாரம்பரியம்.

இலங்கையைப் பாருங்கள். அங்கே போர்த்துகீசியர் 1505இல் போய் இறங்கினார்கள், 1658இல் யாழ்ப்பாணத்தையும் இழந்து வெளியேறினார்கள். ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு இன்றும் லவ் கேக் செய்கிறார்கள். ரவை, முட்டை, தேன், பன்னீர், அதோடு முந்திரி. அங்கேயும் பாதாமின் இடத்தில் முந்திரி வந்து உட்கார்ந்துவிட்டது. கோவாவுக்குப் போனால் பெபிங்கா. தேங்காய்ப்பாலும் முட்டையின் மஞ்சள்கருவும் நெய்யும் சேர்த்து, ஒரு அடுக்கு வெந்த பிறகு அடுத்த அடுக்கை ஊற்றி, பொறுமையைச் சோதிக்கிற பலகாரம். போர்ச்சுகல் நாட்டுக் கன்னிமாடங்களில் உடுப்புக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துக்கொள்வார்கள், மீந்த மஞ்சள்கருவில்தான் அந்த நாட்டின் பெரும்பாலான இனிப்புகள் பிறந்தன என்று சொல்வார்கள். அங்கே மஞ்சள்கரு, தூத்துக்குடியில் வெள்ளைக்கரு. ஒரே முட்டையை இரண்டு கரைகள் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது, இல்லையா?

இனி செய்முறைக்கு வருகிறேன். இணையத்தில் வாங்குகிறவருக்கு இது அவசியம் தெரிய வேண்டும்.

வெள்ளைக்கருவை அடித்து நுரைக்க வேண்டும். ஒரு துளி மஞ்சள்கரு விழுந்தாலும் நுரை எழாது, ஏனென்றால் அதில் கொழுப்பு இருக்கிறது. சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முந்திரிப் பொடி கடைசியில்தான். முந்திரியிலும் எண்ணெய் உண்டு. முன்கூட்டியே போட்டாலும், போட்ட பிறகு அதிகம் கிளறினாலும், நுரை படுத்துவிடும். பிறகு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதில் அடைத்து, தட்டில் ஒவ்வொன்றாகப் பிழிய வேண்டும். சுற்றிச் சுற்றி வந்து உச்சியில் கூர் முனை விட்டு எடுக்கிறதுதான் கைத்திறம். கடைசியாக அடுப்பு. பழைய பேக்கரிகளில் விறகு அடுப்பு. தீ தணிந்து, செங்கல்லில் ஏறிய சூடு மட்டும் இருக்கும்போது உள்ளே வைத்து, மணிக்கணக்கில் காயவிடுவார்கள். இது வேகிற பண்டம் இல்லை, உலர்கிற பண்டம். சூடு கூடினால் நிறம் மாறும், குறைந்தால் நடுவில் ஈரம் தங்கும்.

சரி, இது நம் வாசலுக்கு எப்படி வருகிறது?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது. அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. எல்லா மாவட்டத்துக்காரர்களும் வந்து குடியேறினார்கள். தெற்கத்திக்காரர்களுக்கு ஊர் ருசி வேண்டுமென்றால் அன்று ஒரே வழிதான். ஊருக்குப் போகிறவரிடம் சொல்லி அனுப்புவது. முத்துநகர் விரைவு ரயிலில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். மக்ரூன் டப்பாவை மேல் பெர்த்தில், தலைமாட்டில் வைத்துக்கொண்டு வருவார்கள். சூட்கேஸ் எங்கே கிடந்தாலும் கவலையில்லை, மக்ரூன் உடையக் கூடாது. வாங்கி வந்தவர் எந்தக் கடையில் வாங்கினார், அன்று சூடாக இருந்ததா, கடைக்காரர் என்ன சொன்னார் என்பதெல்லாம் டப்பாவோடு சேர்ந்தே வந்தது.

இன்று கைபேசியை எடுத்தால் போதும். தூத்துக்குடி மக்ரூன், கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்கு, பத்தமடைப் பாய், மானாமதுரைப் பானை எல்லாம் திரையில் வரிசையாக நிற்கின்றன. இரண்டு மூன்று நாளில் கூரியர்காரர் அழைப்புமணியை அழுத்துகிறார். நல்லதுதான். முதியவர்கள் வீட்டிலிருந்தபடி ஊர்ப் பண்டம் சாப்பிடுகிறார்கள். சின்ன பேக்கரிக்கு அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வாடிக்கையாளர் கிடைக்கிறார். இதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆள் மூலம் வாங்கிய காலத்தில் பொருளும் செய்தவரின் அடையாளமும் சேர்ந்து வந்தன. திரையில் பொருளின் படமும் ஊரின் பெயரும் மட்டும் வருகின்றன. செய்த கை மறைந்துவிடுகிறது. ஊர்ப் பெயரை யார் வேண்டுமானாலும் டப்பாவில் அச்சடிக்கலாம். கூர் முனை விட்டுப் பிழியும் கையை அச்சடிக்க முடியாது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: இணையத்தில் பாரம்பரியப் பொருள் வாங்கும்போது ஊரின் பெயரை வாங்காதீர்கள், செய்கிறவரின் பெயரைத் தேடி வாங்குங்கள்.

ஊர்ப் பெயரைச் சட்டம் காக்காதா என்று கேட்பீர்கள். காக்கும். அதற்குத்தான் புவிசார் குறியீடு. வேடிக்கை என்னவென்றால், பெயரையும் நிலத்தையும் சட்டத்தால் முடிச்சுப் போட்ட முன்னோடிகளில் போர்த்துகீசியரும் உண்டு. 1756இல் போம்பால் பிரபு என்ற அமைச்சர் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்தார். அந்த எல்லைக்குள் விளைந்த திராட்சையில் செய்தால்தான் போர்ட் ஒயின். எல்லையைக் காட்ட ஊரெங்கும் கருங்கல் நட்டார். இன்றைக்கு ஐரோப்பா முழுவதும் இந்த முறை இருக்கிறது. அவெய்ரு என்ற ஊரில் மஞ்சள்கருவும் சீனியும் சேர்த்து, சிப்பி வடிவ மெல்லிய தோலுக்குள் அடைத்து ஓவுஷ் மோலெஷ் என்று ஓர் இனிப்பு செய்கிறார்கள். 2009 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு.

நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே பதிவகம். அது டெல்லியில் இல்லை, மும்பையில் இல்லை. பூந்தமல்லியில் பஸ் ஏறி மவுண்ட்-பூந்தமல்லி சாலை வழியாகப் போனால் கத்திப்பாரா தாண்டி கிண்டியில் இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலை முதல் திருப்பதி லட்டு வரை அங்கேதான் பதிவானது. போர்த்துகீசியரின் போர்ட்டோ, டூரோ ஒயின் பெயர்களும் அதே கிண்டிப் பதிவேட்டில் இருக்கின்றன.

நம் பட்டியலும் நீளம். பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019இல் குறியீடு பெற்றன. தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020இல். மணப்பாறை முறுக்கு 2023இல். கோவா பெபிங்காவும் அதே 2023. இந்த உரிமை ஒரு கடைக்குத் தனியாகப் போகாது, அந்தப் பகுதியின் உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் பொது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். குறியீடு பெயரைக் காக்கும், ருசியைக் காக்காது. கல் நட்டால் எல்லை தெரியும், உள்ளே யார் உழைக்கிறார் என்று தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர் வாங்குகிறவர். எப்படிப் பார்ப்பது? டப்பாவைப் படிக்கப் பழக வேண்டும். நாம் சினிமா விமர்சனத்தை வரி விடாமல் படிப்போம், சாப்பிடுகிற பொருளின் லேபிளைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

முதலில் பார்க்க வேண்டியது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண். அந்த ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் எண்ணைப் போட்டால், உரிமம் யார் பெயரில், எந்த முகவரியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். டப்பாவில் தூத்துக்குடி, முகவரியில் வேறு மாவட்டம் என்றால் அங்கேயே கதை வெளுத்துவிடும். வேறு ஊரில் செய்வது குற்றம் என்று சொல்லவில்லை. அதை மறைப்பதுதான் தப்பு. அடுத்தது சேர்மானப் பட்டியல். எடை அதிகமானது முதலிலும் குறைந்தது கடைசியிலும் வரவேண்டும் என்பது விதி. மக்ரூன் பட்டியலில் முந்திரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சீனிக்கு அடுத்து நிற்க வேண்டிய முந்திரி, வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது நஷ்டம்தான். நிலக்கடலை சேர்த்திருந்தால் அதையும் ஒவ்வாமை எச்சரிக்கையாகச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, சைவ அசைவக் குறி. மக்ரூனில் முட்டை உண்டு. பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். பச்சைப் புள்ளி இருந்தால், ஒன்று குறி பொய், இல்லையென்றால் அது முட்டையில்லாமல் வேறு ஏதோ செய்தது. இரண்டுமே நீங்கள் தேடிய பண்டம் இல்லை. நான்காவது தேதி. இணைய வணிக நிறுவனங்கள் உணவுப் பொருளை வீட்டில் கொடுக்கும்போது, அதன் ஆயுளில் முப்பது சதவீதமோ, காலாவதிக்கு முன் 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. அதைச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கைவினைப் பொருளுக்கும் இதே கணக்குதான். கைத்தறிக்கு 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க், பட்டுக்கு 2004இல் வந்த சில்க் மார்க் என்று முத்திரைகள் உண்டு. கைத்தறிக்குக் கோஆப்டெக்ஸும் கைவினைக்குப் பூம்புகாரும் இணையத்திலேயே விற்கின்றன. பத்தமடைப் பாய் தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்வது. எத்தனை நாள் நெய்தார்கள், யார் நெய்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். நெய்தவரைத் தெரிந்த விற்பனையாளர் பதில் சொல்வார். தெரியாதவர் தள்ளுபடியைப் பற்றிப் பேசுவார்.

அசல் போர்ச்சுகல் பொருளையே வரவழைக்க நினைக்கிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். ஆலிவ் எண்ணெய், டப்பாவில் அடைத்த மத்தி மீன், செம்மறியாட்டுப் பாலில் செய்யும் செரா ட எஷ்ட்ரெலா பாலாடைக்கட்டி. அந்தக் கட்டியை உறைய வைக்க ஒருவகை முட்செடியின் பூவைப் போடுகிறார்கள் என்பது ருசியான தகவல். இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செய்தது, இங்கே இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன என்பது கட்டாயம் இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கி, அன்பளிப்பு என்று எழுதிச் சுங்க வரி இல்லாமல் வரவழைக்கும் வழியை அரசு 2019 டிசம்பரிலேயே அடைத்துவிட்டது. இன்னமும் அப்படி ஆசை காட்டுகிறவரை நம்பாதீர்கள். மத்தி மீனை மட்டும் டப்பாவில் வாங்குவானேன் என்று நான் கேட்கமாட்டேன், அம்பத்தூர் மார்க்கெட்காரர்கள் கேட்பார்கள்.

பொருள் கெட்டு வந்தால் என்ன செய்வது? மக்ரூனில் இது அடிக்கடி நடக்கும். சீனி காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காமல், வெறும் அட்டைப்பெட்டியில் அனுப்பினால் இங்கே வருவது பிசுபிசுப்பான சீனி உருண்டை. பெட்டியைப் பிரிக்கும்போதே ஒரு காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டு இணைய வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திருப்பி எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவரே வாடிக்கையாளர் வேடம் போட்டு ஐந்து நட்சத்திரம் குத்திக்கொள்வதும் அதே விதிகளில் தடை.

அங்கேயும் தீரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெரிய வசதி ஒன்று வந்தது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர். அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் அவர்களுக்குச் சென்னை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. கால் கிலோ மக்ரூனுக்கு யார் வழக்குப் போடுவார் என்று சிரிக்காதீர்கள். போடுவார்கள் என்ற நினைப்பு இருந்தாலே பாதிப் பேர் ஒழுங்காக அடைத்து அனுப்புவார்கள்.

கடைசியாக விலை. முந்திரி விலை உங்களுக்குத் தெரியும். நுரை அடிக்க ஒருவர், பிழிய ஒருவர், அடுப்பைப் பார்க்க ஒருவர், உடையாமல் அடைக்க ஒருவர். இத்தனைக்கும் பிறகு ஒருவர் பாதி விலைக்குக் கொடுக்கிறார் என்றால், அவர் எதையோ குறைத்திருக்கிறார். முந்திரியைக் குறைத்திருப்பார், அல்லது கூலியைக் குறைத்திருப்பார். இரண்டில் எது என்றாலும் நஷ்டம் நமக்கும்தான். ஏனென்றால் கூலி குறைந்த தொழிலுக்கு அடுத்த தலைமுறை வராது. கடல் கடந்து வந்து நிலைத்த ஒரு ருசியை டச்சுப் படை அழிக்கவில்லை. தள்ளுபடி அழித்துவிடும்.

ஆகவே இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வரும் பொங்கலுக்கும் ஒரு வேண்டுகோள். பொருளைக் கூடையில் போடுவதற்கு முன் செய்கிறவரின் பெயரையும் ஊரையும் உரிம எண்ணையும் பாருங்கள். பேக்கரியே நேரடியாக அனுப்புகிறதென்றால் அங்கேயே வாங்குங்கள். நன்றாக இருந்தால் நாலு வரி எழுதுங்கள், கெட்டிருந்தால் புகார் கொடுங்கள். உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சட்டம் தன் பங்கைச் செய்துவிட்டது. இனி நம் பங்கு.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.